ஒளி பட்டதும் விழிக்கும் மருந்து

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு முற்றத்துப் பனையைப் பாருங்கள். மரம் நடுவில் நெளிந்து தெரிந்தால் அதைக் கண்புரை என்று எண்ணித் தள்ளிப்போடக் கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனாலும் வேறு கிளினிக்குக்குப் போனாலும் ‘கண் மங்கல்’ என்று மட்டும் சொல்லாமல் ‘நேர்கோடு வளைகிறது’ என்று சொல்லுங்கள். மற்றக் கண் ஈடுகொடுப்பதால் இந்த மஞ்சட்புள்ளி நோய் பல மாதங்கள் ஒளிந்திருக்கும்.

வாசிக்கவும் முகம் அறியவும் உதவுவது விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்புள்ளி. முதுமையில் சிலருக்கு அதன் அடியில் வேண்டாத குருதிக்குழாய்கள் முளைக்கின்றன. மெல்லிய அந்தச் சுவர்களால் நீரும் இரத்தமும் கசிந்து விழித்திரையை மேலே தள்ளுகின்றன. முன்பு சூடான லேசரால் அவற்றைப் பொசுக்கினார்கள். மேலிருந்த விழித்திரையும் சேர்ந்து கருகியது. குழாய் நடுப்புள்ளிக்கு நேர் கீழே இருந்தால் வைத்தியமே பார்வையைப் பறித்துவிடும்.

இந்த இக்கட்டுக்கு வழி கனடாவின் வன்கூவரிலிருந்து வந்தது. அங்கே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜூலியா லெவியும் சக ஆய்வாளர்களும் வேர்ட்டிபோபின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். லெவியின் தாயாருக்கும் இதே மஞ்சட்புள்ளி நோய் இருந்தது. அமெரிக்கா 2000 ஏப்ரலில் மருந்துக்கு அனுமதி வழங்கியது.

கரும்பச்சை நிறமான இந்த மருந்தைக் கை நரம்பில் 10 நிமிடம் ஏற்றுவார்கள். குருதியின் கொழுப்புத் துணிக்கைகளோடு ஒட்டிப் பயணிக்கும் அது, அவற்றை அதிகம் உள்வாங்கும் புதுக்குழாய்களில் கூடுதலாகத் தங்கும். ஏற்றத் தொடங்கி 15 நிமிடமானதும் 689 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர், 83 செக்கன்கள். அந்த ஒளியில் திசுவைச் சுடும் வெப்பம் இல்லை. ஒளி படாத மருந்தும் சும்மா கிடக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒட்சிசன் வீரியம் கொண்டு குழாயின் உட்சுவரைத் தாக்குகிறது. உள்ளே இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது.

பிறகுதான் எங்கள் ஊர் வெயிலின் சிக்கல். மருந்து தோலிலும் சில நாள் இருப்பதால் 5 நாள் நேரடி வெயில் ஆகாது, தோல் வெந்துபோகும். நல்லூர்த் தேரன்றும் வீட்டிலேயே இருக்கத்தான் வேண்டும். வெயிற்களிம்பு காக்காது, ஏனெனில் மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதற்காக யன்னலைச் சாத்தி இருட்டறையில் கிடக்கவும் கூடாது. சாதாரண அறை வெளிச்சம் தோலிலுள்ள மருந்தை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்கிறது.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் பார்வை இழப்பை மந்தப்படுத்தியதே தவிர, இழந்ததைத் திருப்பித் தரவில்லை. 2006இல் ரனிபிசுமாப் அனுமதி பெற்றபின், கண்ணுக்குள் போடும் ஊசிகள் முன்னிடத்தைப் பிடித்துக்கொண்டன. பலருக்கு அவை பார்வையைக் கூட்டவும் செய்தன.

ஆனாலும் ஒளிமருந்தின் காலம் முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை. குழாய் நுனிகள் குமிழ்களாக உப்பும், இந்நோயின் ஒரு வகை ஆசியர்களிடையே அதிகம். பச்சைச் சாயம் ஏற்றி எடுக்கும் படத்தில் அக்குமிழ்கள் துலங்கும். ஆசிய நோயாளிகளிடம் நடந்த எவரெஸ்ட் 2 ஆய்வில், ஊசியோடு ஒளிமருந்தும் பெற்றவர்களில் 69 வீதத்தினருக்கு ஓராண்டில் குமிழ்கள் முற்றாக மூடின. ஊசி மட்டும் பெற்றவர்களில் 35 வீதம். அண்மைய ஆண்டுகளில் வேர்ட்டிபோபினுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தபோது, அதிகம் கவலைப்பட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.