கீசருக்குள் இருக்கும் கம்பி



சுப்ஹுக்கு எழும் பெரியவர்கள் மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் உளூ செய்யச் சிரமப்படுகிறார்கள் என்றுதான் நம் வீடுகளில் பலர் கீசர் மாட்டுகிறோம். சில வருடங்களில் டேங்க் ஓட்டையாகிவிடுகிறது. "இதற்கு ஒட்டுப் போட முடியாது, புதுசுதான் வாங்கணும்" என்கிறார் மெக்கானிக். பிள்ளை வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணம் துருவாகப் போகிறது.

10, 15, 25 லிட்டர் கீசர்களில் டேங்க் பெரும்பாலும் இரும்புதான். உள்ளே கண்ணாடி போன்ற பூச்சு இருக்கும். அதில் ஊசிமுனை அளவு விரிசல் விட்டாலும் அங்கே துரு பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி வைக்கிறார்கள். ஆனோடு ராடு என்பார்கள். இரும்பையும் மெக்னீசியத்தையும் சேர்த்துத் தண்ணீரில் வைத்தால் மெக்னீசியமே முதலில் கரையும், இரும்பு தப்பிக்கும். கப்பல் அடித்தகட்டைக் காக்க இதே உபாயத்தை 1824-லேயே ஹம்ப்ரி டேவி செய்து காட்டினார். இன்று நமக்குப் பக்கத்திலேயே, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், துருவைத் தடுக்கும் ஆராய்ச்சி நடக்கிறது.

கம்பி கரைந்து தீர்ந்த பிறகு, அடுத்து கரைவது டேங்க்.

லண்டனில் இருக்கும் பிள்ளைகள், "இங்கே வீட்டைச் சூடாக்கும் குழாய்த் தண்ணீரில் துருத்தடுப்பு மருந்து ஊற்றுகிறார்கள், அங்கேயும் ஊற்றலாமே" என்பார்கள். அங்கே ஒரே தண்ணீர் மூடிய குழாய்க்குள் வருடக்கணக்கில் சுற்றுகிறது. நம் கீசரிலோ தினமும் புதுத் தண்ணீர். அதில்தான் வாய் கொப்பளிக்கிறோம். எந்த மருந்தும் ஊற்றக் கூடாது.

காவிரித் தண்ணீர் மட்டும் ஏறும் வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பியைக் கழற்றிப் பார்த்தால் போதும். போர் தண்ணீர் என்றால் வருடம் ஒருமுறை. உப்பு கூடக் கூட கம்பி சீக்கிரம் கரையும், ஹீட்டரிலும் வெள்ளையாகப் படியும். கரண்ட் பில் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கம்பி மெலிந்து நடுவிலுள்ள இரும்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். புதுக் கம்பி சில நூறு ரூபாய்தான். சர்வீஸுக்கு வருபவர் தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

இதை வீட்டில் நாமே கழற்ற வேண்டாம். மெயினை அணைத்து, தண்ணீரை வடித்த பிறகே தெரிந்தவர் கை வைக்கட்டும். குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் உடனே மெயினை அணையுங்கள், எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு வால்வில் சொட்டுகிறதே என்று சிலர் குச்சி வைத்து அடைக்கிறார்கள். சூட்டில் விரியும் நீர் வெளியேற அதுதான் வழி. அடைத்தால் டேங்க் வெடிக்கலாம். டேங்கின் உடம்பிலிருந்தே சொட்டினால் அது வேறு. அந்தக் கீசரை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

கீழராஜ வீதிக்குக் கம்பி வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். நீளமும் மரையும் மாடலுக்கு மாடல் மாறும்.