"போய் வருகிறேன்" – ஜப்பானிலும் அதே வழக்கம்!



"ஜப்பான்காரர் நம்ம கடைக்கு வந்து துவரம்பருப்பா வாங்கப் போறார்? அவர் பாஷை நமக்கெதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஜப்பான் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. 2010-ல் ஒரகடத்தில் தொடங்கிய ஆலையின் நிசான் கார்கள் நம் எண்ணூர்த் துறைமுகம் வழியாகக் கப்பலேறின. சென்னை மெட்ரோ முதல் கட்டத்துக்குப் பெருங்கடன் தந்தது ஜப்பானின் ஜைக்கா நிறுவனம். அந்த ரயில் 2021 பிப்ரவரியில் திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை வந்துவிட்டது.

அதைவிட முக்கியம் நம் பிள்ளைகள். முதியோர் பராமரிப்பு, உணவகம், உணவுப்பொருள் தயாரிப்பு, கப்பல் கட்டுதல் போன்ற வேலைகளுக்கு இந்தியர்களை எடுத்துக்கொள்ள 2021 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. இதற்கு அந்தந்தத் தொழில் தேர்வோடு ஜப்பானிய மொழித் தேர்வும் தேற வேண்டும். மொழி வகுப்பில் முதல் பாடமே வணக்கமும் விடைபெறுதலும்தான். அந்தப் பாடம் கல்லாவில் உட்காரும் தகப்பனாருக்கும் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொழுதுக்கு ஒரு வணக்கம்

நமக்கு எந்த நேரத்துக்கும் "வணக்கம்" ஒன்றே போதும். ஜப்பானியருக்கு நேரம் பார்க்க வேண்டும்.

காலையில் "ஒஹாயோ கொஸாய்மஸ்". 'சீக்கிரம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. 'கொஸாய்மஸ்' என்பதன் முதல் எழுத்தை "கோவிந்தா" என்று கூப்பிடும்போது வரும் ஓசையில் சொல்ல வேண்டும். நண்பர்களிடம் "ஒஹாயோ" மட்டும் போதும். பெரியவர்களிடம் முழுதாகச் சொல்வதே மரியாதை.

பகலில் "கொன்னிச்சிவா". மாலை மங்கினால் "கொம்பன்வா". தூங்கப் போகும்போது "ஒயசுமி நசாய்", அதாவது 'ஓய்வெடுங்கள்'.

கடை வாசலில்

ஜப்பானில் எந்தக் கடைக்குள் கால் வைத்தாலும் "இரஷ்ஷாய்மசே!" என்று குரல் வரும். 'வாருங்கள்' என்று பொருள். ஒருவர் சொன்னதும் உள்ளே அடுக்கிக் கொண்டிருப்பவர்களும் சேர்ந்து சொல்வார்கள். வாடிக்கையாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த வரவேற்பு உண்டு.

பணம் கொடுத்து முடிந்ததும் "அரிகத்தோ கொஸாய்மஷித்தா", அதாவது 'மிக்க நன்றி'. கூடவே "மத்தா ஒகோஷி குதசாய்மசே" என்பார்கள். 'மறுபடியும் வாருங்கள்' என்பது அதன் பொருள்.

ஒசாகா வியாபாரியின் சொல்

ஒசாகா பழைய வணிக நகரம். அங்கிருந்த டோஜிமா அரிசிச் சந்தை 1730-லேயே அரசின் அங்கீகாரம் பெற்று, பின்னால் வரப்போகும் அரிசிக்கு முன்கூட்டியே விலை பேசியது. அவ்வூர் வியாபாரிகள் வாடிக்கையாளரைக் கண்டதும் "மைதோ!" என்பார்கள். 'ஒவ்வொரு முறையும்' என்பதே அதன் நேர்ப்பொருள். "ஒவ்வொரு முறையும் எங்களிடமே வருகிறீர்களே, நன்றி" என்பது அதற்குள் அடங்கிய செய்தி. வழக்கமாக வருபவரை நினைவில் வைத்திருக்கிறோம் என்று ஒரே சொல்லில் காட்டிவிடுகிறார்கள்!

வியாபாரிகள் தங்களுக்குள் சந்தித்தால் "மோக்காரிமக்கா?" என்று கேட்பதாகவும் சொல்வார்கள். 'லாபம் வருகிறதா?' என்று அர்த்தம். அதற்குப் பதில் "போச்சி போச்சி". நம் காதுக்கு 'போச்சு, போச்சு' என்று விழுந்தாலும், 'ஏதோ ஓடுது' என்பதுதான் பொருள். கொத்தவால்சாவடி வியாபாரி சொல்லும் அதே பதில்!

விடைபெறும்போது

நம் வீட்டில் "போறேன்" என்று யாரும் சொல்லக் கூடாது. "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஜப்பானியரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "இத்தெ கிமஸ்" என்கிறார்கள். 'இத்தெ' என்றால் போய், 'கிமஸ்' என்றால் வருகிறேன். வீட்டிலிருப்பவர் "இத்தெரஷ்ஷாய்" என்று பதில் சொல்வார். 'போயிட்டு வாங்க' என்று பொருள். திரும்பி வந்தவர் "ததாய்மா" என்பார். "ஒக்காயெரி" என்று வரவேற்பார்கள்.

'லவ் இன் டோக்கியோ' (1966) இந்திப் படத்தால் நமக்குத் தெரிந்த "சயோனரா" என்பதை அவர்கள் அன்றாடம் அதிகம் சொல்வதில்லை. நெடுநாள் பிரிவுக்கே அது பொருந்தும். 'அப்படியானால்...' என்பதே அதன் மூலப்பொருள். நாம் "சரி, அப்போ வரட்டுமா?" என்று எழுந்திருப்பது போலத்தான். வேலை முடிந்து கலையும்போது உடன் உழைத்தவரிடம் "ஒத்ஸுக்கரெசமா தெஷித்தா" என்பார்கள். அவருடைய உழைப்பை மதித்துச் சொல்லும் சொல் இது.

பிள்ளைகள் கவனிக்க

1. பிறர் பெயரோடு "சான்" சேர்க்க வேண்டும். தன் பெயரோடு சேர்க்கக் கூடாது.

2. குனிந்து வணங்குவதற்கும் கணக்கு உண்டு. சாதாரணமாக 15 பாகை, வாடிக்கையாளருக்கும் மேலதிகாரிக்கும் 30, ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45.

3. முகவரி அட்டையை இரண்டு கையாலும் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

விலையில் பெரிய அங்காடிகளோடு போட்டி போடுவது நமக்குச் சிரமம். கைப்பேசியில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே சாமான் வந்துவிடுகிறது. ஆனால் "வாங்கம்மா, பையனுக்கு ஜுரம் விட்டுதா?" என்று கேட்பது நம் கடையில்தான். அந்த முதலை நாமே கரைத்துக் கொண்டிருக்கிறோம். கைப்பேசியைப் பார்த்தபடியே "என்ன வேணும்?" என்கிறார் கடைப்பையன். சில்லறையை மேசைமேல் தள்ளிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறோம்.

ஜப்பானியர் கடைப்பையனுக்கு வரவேற்புச் சொல்லைப் பழக்கித் தருகிறார்கள். நம் பையனுக்கும் எடை போடக் கற்றுத் தரும்போதே "வாங்க" சொல்லவும், பொட்டலத்தைக் கையில் கொடுத்து "போயிட்டு வாங்க" சொல்லவும் கற்றுத் தருவோம். இதற்கு முதலீடு தேவையில்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை. நாளைக்கே தொடங்கலாம்.