தட்டைக் கூரையும் மழைநீரும்

சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில் பழைய ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அதனை அடுத்த ஜூ சியாட் 1993ஆம் ஆண்டில் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. முகப்பை விருப்பம்போல் மாற்ற இயலாது. ஆகவே இடம் வேண்டுவோர் பின்புறத்தை நீட்டி, அதன்மேல் கான்கிரீட்டால் தட்டைக் கூரை அமைப்பதுண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டுக் கூரை மழையை உடனே வழித்து விடும். தட்டைக் கூரையோ தாங்கி நிற்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இது சிறிய செய்தியன்று. வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் கான்கிரீட்டில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவ்வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து, கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும்.

பெயர்தான் தட்டை, நூறு அடிக்கு ஓரடியாவது வடிகாலை நோக்கிச் சரிவு வேண்டும். அதன்மேல் ரப்பர் கலந்த தார் விரிப்பை ஒட்டுவர். வெறுந்தார் நாளடைவில் இறுகி வெடிக்கும். செயற்கை ரப்பர் சேர்ந்தால் இழுபட்டுச் சுருங்கும்.

ஆயினும், பெரும்பாலும் ஒழுகுவது நடுவிலன்று. பழைய சுவரும் புதிய தளமும் சேரும் மூட்டில்தான். புதிய பகுதி சற்றே அமிழும்; பழைய சுவர் அசையாது. எனவே விரிப்பைச் சுவரில் அரையடிக்குக் குறையாமல் ஏற்றி, மேல்விளிம்பைக் காடி வெட்டிச் செருகி அடைக்க வேண்டும். மழைக்காலத்தில் பால்மரத்திற்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி, மேல்விளிம்பைத் தாரால் ஒட்டும் முறையை நம் வாசகர் பலர் அறிவர். விளிம்பு விட்டால் மரத்தில் வழியும் நீர் கோப்பைக்குள் இறங்கிப் பாலைக் கெடுக்கும். சுவரிலும் அதே கதைதான்.

வேலை முடிந்ததும், மேலே ஓடு பதிக்குமுன், வடிகாலை அடைத்து நீரைத் தேக்கி ஒரு முழுநாளேனும் வைத்துப் பார்க்குமாறு கூறுவோம். கீழே ஈரம் தோன்றாவிட்டால் கூலியைத் தீர்க்கலாம்.