வெயில் காயும் போர்வை

காலை எட்டு மணி. ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே 400 கிலோ மீட்டருக்கு மேல் வந்து விட்டோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் சிவந்த பாறைகள். மர நிழலில் ஒரு கேரவன் வண்டி நிற்கிறது. அதிலிருந்து அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் இறங்கி வருகிறார். கையில் மடித்த கறுப்புப் போர்வை ஒன்று. அதை உதறிக் கொடியில் போடப் போகிறார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. நிழலை விட்டுப் பத்தடி தள்ளிப் போய், வெயில் சுள்ளென்று விழும் இடமாகப் பார்த்துத் தரையில் விரிக்கிறார். அதிலிருந்து நீளும் வயரை வண்டியில் செருகுகிறார். பிறகு நிம்மதியாகத் தேநீர் போடப் போய் விடுகிறார்.

போர்வை நனையவே இல்லையே, எதற்காக வெயிலில் காய்கிறது? மின்சாரம் சேகரிக்கத்தான், நேயர்களே!

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் இளைப்பாறும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் அது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி எல்லாம் உள்ளே அடக்கம். ஓய்வு பெற்ற தம்பதிகள் மாதக்கணக்கில் இப்படி நாடு சுற்றுவார்கள். 'நரைமுடி நாடோடிகள்' என்று அவர்களுக்குச் செல்லப் பெயரே உண்டு!

ஊருக்குள் தங்கினால் மின் இணைப்புக் கிடைக்கும். காட்டிலே கம்பம் நட்டு வைத்திருப்பது யார்? ஜெனரேட்டர் ஓட்டலாமென்றால், பல தேசியப் பூங்காக்களில் அதற்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது. நம் அம்மாளின் கணவருக்கு நீரிழிவு என்று வைத்துக் கொள்ளுங்கள். திறக்காத இன்சுலின் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். குளிர்ப்பெட்டி நின்றால் பால் திரிவதோடு விஷயம் முடிந்து விடாது. மருந்துக் கடையோ வெகு தூரத்தில்!

போர்வைக்குள் என்ன இருக்கிறது?

வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கன் வில்லைகளை 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் உலகுக்குக் காட்டினார்கள். அன்று அவை நூறு பங்கு வெயிலில் சுமார் 6 பங்கைத்தான் மின்சாரமாக மாற்றின. இன்றைய நல்ல வில்லைகள் 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. அவற்றைக் கெட்டித் துணியில் வரிசையாகப் பதித்தால் சூரியப் போர்வை தயார். விரித்தால் பாய் மாதிரி. மடித்தால் கைப்பெட்டி மாதிரி.

வண்டியின் கூரையிலேயே தகடுகளைப் பொருத்தி விட்டால் என்ன என்று கேட்பீர்கள். பலர் அப்படியும் செய்கிறார்கள். ஆனால் அதற்காக வண்டி வெயிலில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வேக வேண்டும். குளிர்ப்பெட்டியும் கூடுதலாக உழைக்க வேண்டும். போர்வை இருந்தால் வண்டி நிழலில், போர்வை வெயிலில்!

விரிப்பதிலும் நுட்பம் உண்டு. வில்லைகளில் மின்சாரம் ஒற்றையடிப் பாதையில் செல்லும் மாட்டு வண்டிகளைப் போல ஒன்றன் பின் ஒன்றாகப் போகிறது. ஒரு வண்டி நின்றால் பின்னால் வருபவையும் தேங்கும். ஆகவே ஒரு மூலையில் விழும் நிழல்கூட விளைச்சலை வெகுவாகக் குறைத்து விடும். இன்னொன்று: சென்னையில் சூரியத் தகட்டைத் தெற்கே பார்த்துச் சாய்ப்போம். பூமியின் தென் பாதியில் இருக்கும் அவர்கள் வடக்கே பார்த்துச் சாய்க்க வேண்டும்.

நடுவே ஒரு சின்னப் பெட்டி

போர்வைக்கும் பாட்டரிக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் சார்ஜ் கண்ட்ரோலர். போர்வையைப் பார்த்து வியப்பவர்கள் பலர். இந்தப் பெட்டியைக் கவனிப்பவர்கள் சிலர். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

போர்வையின் அழுத்தம் 20 வோல்ட்டைத் தாண்டும். '12 வோல்ட்' பாட்டரிக்கோ சுமார் 14.4 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. நேராக இணைத்தால் ஈயப் பாட்டரியின் நீர் வற்றி, தகடுகள் கெட்டுப் போகும். கண்ட்ரோலர் என்ன செய்கிறது? குழந்தைக்குச் சோறூட்டும் தாய் செய்வதைத்தான். பசி அதிகமாக இருக்கும்போது வாய் நிறைய ஊட்டுகிறது. வயிறு நிறைய நிறையக் கவளத்தைச் சிறிதாக்குகிறது. நிறைந்த பிறகு ஏதோ இரண்டு பருக்கை, அவ்வளவுதான். இரவில் பாட்டரியின் மின்சாரம் போர்வைக்குத் திரும்பி ஓடாமலும் காவல் காக்கிறது.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பி.டபிள்யூ.எம்.; மற்றது எம்.பி.பி.டி. பெயரைக் கண்டு மிரள வேண்டாம், சில்லறை விஷயந்தான்! 200 வாட் போர்வை நல்ல வெயிலில் 18 வோல்ட்டில் 11 ஆம்பியர் தருகிறது. பாட்டரி அப்போது 13 வோல்ட்டில் இருக்கிறது. 18 ரூபாய் கொடுத்து 13 ரூபாய்ச் சாமான் வாங்குவது போலத்தான். முதல் கடைக்காரர் மிச்சம் 5 ரூபாயைத் திருப்பித் தருவதில்லை. பாட்டரிக்குக் கிடைப்பது 143 வாட். இரண்டாமவர் சிறு கமிஷன் போக, மிச்சத்தையும் கூடுதல் ஆம்பியராக மாற்றிக் கொடுத்து விடுகிறார். அவர் பெட்டிக்கு விலை அதிகம், காரணமில்லாமல் இல்லை.

வரவும் செலவும்

குடும்பக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மீதியெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. குளிர்ப்பெட்டிக்கு நாளொன்றுக்கு 40 ஆம்பியர்-மணி, விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசி எல்லாவற்றுக்குமாக 10 என்று வையுங்கள். செலவு 50. வரவு? ஐந்து மணி நேர முழு வெயில் கிடைத்து, சூடு, தூசி, சாய்வு என்று கழிவும் போனால், 200 வாட் போர்வை முதல் வகைப் பெட்டியுடன் சுமார் 50 தரும். இரண்டாவதுடன் 60-ஐ நெருங்கலாம். அந்தப் பத்துதான் சேமிப்பு!

வானம் மூடிக் கொண்டால் சேமிப்பில்தான் கை வைக்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரே ஒரு மப்பு நாள்தான் தாங்கும். லித்தியம் பாட்டரியில் 80 வரை எடுக்கலாம். ஒன்றரை நாள் தாக்குப் பிடிக்கும்.

இட்லிக்கு மாவரைக்க முடியுமா என்று கேட்கிறீர்களா? தாராளமாக! 150 வாட் சிறு கிரைண்டரை இன்வெர்ட்டர் மூலம் இருபது நிமிஷம் ஓட்டினால் நாலைந்து ஆம்பியர்-மணிதான் ஆகும். ஆனால் 2,000 வாட் மின்சாரக் கெட்டிலைத் தொடாதீர்கள். அது 170 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். வெந்நீருக்கு காஸ் அடுப்பே மேல்.

எங்கே பிசகுகிறது?

சில போர்வைகளின் முதுகிலேயே ஒரு கண்ட்ரோலர் பொருத்தி விற்கிறார்கள். கேரவனுக்குள்ளும் ஒன்று இருக்கும். விஷயம் தெரியாமல் போர்வையின் வயரை வண்டியின் சூரியத் தகட்டுச் செருகியில் மாட்டினால், ஒரு பெட்டி அளந்து கொடுத்ததை இன்னொரு பெட்டி மறுபடி அளக்க முயலும். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்குமா? போர்வையில் விளக்கு எரியும். எல்லாம் சரி என்று தோன்றும். பாட்டரிக்குப் போவதோ சொற்பம். மூன்றாம் நாள் நள்ளிரவில் குளிர்ப்பெட்டி நின்று விடும், இன்சுலினோடு! இரண்டில் ஒன்றை விலக்கி விட வேண்டும்.

அடுத்தது வயர். பத்து மீட்டர் தூரத்துக்கு மெல்லிய வயரைப் போட்டால் 10 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே ஒன்றரை வோல்ட் வரை கரைந்து போகலாம். பெட்டி போர்வையின் பக்கம் இருந்தால் இன்னும் மோசம்: பாட்டரி நிறைந்து விட்டதென்று ஏமாந்து, கவளத்தை முன்னதாகவே சிறிதாக்கி விடும். ஆகவே தடித்த வயர் வேண்டும்; பெட்டி பாட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும்.

இணைக்கும்போது முதலில் பாட்டரி, பிறகு போர்வை. கழற்றும்போது முதலில் போர்வை. லித்தியமா ஈயமா என்று பெட்டிக்குச் சொல்லி வைப்பதும் அவசியம். லித்தியத்துக்கு உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஃபிளிண்டர்ஸ் மலையின் குளிர்கால இரவுகளில் அந்தக் குளிரும் வருவதுண்டு.

எல்லாவற்றிலும் மேலான பழக்கம் ஒன்று இருக்கிறது. விளக்கு எரிகிறதே என்று திருப்தி அடையாமல், பாட்டரிக்கு எத்தனை ஆம்பியர் போகிறது என்று உச்சிப் பொழுதில் ஒரு தரம் எட்டிப் பார்ப்பது. பால்காரர் ஊற்றும்போது படியைப் பார்ப்போமே, அது போலத்தான்.

மாலை ஐந்தரை மணி. பாறைகள் மேலும் சிவக்கின்றன. அம்மாள் வயரைக் கழற்றிப் போர்வையைத் தூசி தட்டி மடிக்கிறார். குளிர்ப்பெட்டி மெல்ல முனகிக் கொண்டிருக்கிறது. மருந்து பத்திரமாக இருக்கிறது. இரவுக் குளிருக்குப் போர்த்திக் கொள்ள வேறு கம்பளி உண்டு. பகலெல்லாம் உழைத்த இந்தப் போர்வை இனித் தூங்கட்டும்!