காந்தத்தின் கதை - 9: வெள்ளியில் செய்தாலும் உருகும்

சுருள் சூடாகிக் கெட்டுப்போவதற்குள் வேலையை முடித்துவிடு! சென்ற வாரம் பார்த்த கபிட்சாவின் உத்தி இவ்வளவுதான். 1920-களில் கேம்பிரிட்ஜில் ஒரு ராட்சத ஜெனரேட்டரை வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்து, வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்கு 30 டெஸ்லா காந்தப்புலத்தைத் தாண்டினார். ஜெனரேட்டர் வாங்கும் அடி தரை வழியே வந்து அளவீட்டைக் குலைக்குமே? சுருளை 20 மீட்டர் தள்ளி வைத்தார். அதிர்வு வந்து சேர்வதற்குள் சோதனை முடிந்திருக்கும். கெட்டிக்காரர்தான்.

ஆனால் 100 டெஸ்லாவை நெருங்கினால் இந்த அவசரமும் கைகொடுக்காது.

செம்புக் கட்டிக்குப் பக்கத்தில் காந்தப்புலம் திடீரென எகிறினால், செம்பின் மேற்பரப்பில் மின்னோட்டம் கிளம்பி அதை எதிர்த்து நிற்கும். செம்புக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு என்பதால் எதிர்ப்பு தேயும். மண்சுவரில் ஈரம் ஏறுவதுபோல் புலம் உள்ளே ஊறும். பத்து மைக்ரோவினாடியில் அது அரை மில்லிமீட்டர்கூடப் போகாது. அத்தனை மின்னோட்டமும் அந்த மெல்லிய தோலுக்குள் நெரிபடும். சூடு பிறப்பது அங்கேதான்.

செம்பை விட நன்றாகக் கடத்தும் வெள்ளியைப் போட்டால் என்ன? தடை குறையும், தோலும் மெலியும், மின்னோட்டம் இன்னும் நெருக்கியடிக்கும். மட்டமான கடத்தி என்றால் தடை அதிகம், ஆனால் மின்னோட்டம் ஆழமாகப் பரவிவிடும். இரண்டிலும் மேற்பரப்புச் சூடு ஏறக்குறைய ஒன்றே! துடிப்பை இன்னும் வேகமாக்கினாலும் இதே கதை. கடத்துத்திறன், நேரம் இரண்டும் கணக்கிலிருந்தே கழன்றுவிடுகின்றன. மிஞ்சுவது புலத்தின் வலிமை மட்டும். வெளியே ஒரு கன சென்டிமீட்டர் வெற்றிடத்தில் எவ்வளவு காந்த ஆற்றல் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு வெப்பம் மேற்பரப்பு உலோகத்தின் ஒரு கன சென்டிமீட்டரில் இறங்குகிறது. முதன்முறை இதைப் பார்ப்பவர் எங்கோ தப்பு என்று கணக்கை மறுபடி போட்டுப்பார்ப்பார்.

100 டெஸ்லாவில் அந்த ஆற்றல் சுமார் 4,000 ஜூல். ஒரு கன சென்டிமீட்டர் செம்பை அறை வெப்பநிலையிலிருந்து அதன் உருகுநிலையான 1,085 டிகிரிக்குக் கொண்டுபோகவும் ஏறத்தாழ அவ்வளவுதான் தேவை. நூறைச் சற்றுத் தாண்டினால் தோல் உருகத் தொடங்கும். அதற்குள் மின்தடை சுமார் ஆறு மடங்காகியிருக்கும். உருகியதும் அது மேலும் இரட்டிக்கும். தடை கூடக் கூடப் புலம் விரைந்து உள்ளே பாயும். இன்னும் ஏற்றினால் மேற்பரப்பு ஆவியாகிவிடும்.

இதற்கு மேல் புலம் சுருளைத் தள்ளும் அழுத்தம் வேறு. 100 டெஸ்லாவில் அது சுமார் 40,000 வளிமண்டலம். பல அடுக்குச் சுற்றுகளில் மின்னோட்டத்தைப் பகிர்ந்துதான் 2012-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகம் சுருள் உடையாமல் 100 டெஸ்லாவை எட்டியது. ஒற்றைச் சுற்றுச் சுருள் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதுச் சுருள்தான். நல்லவேளை, அது வெளிப்பக்கமாகச் சிதறும். நடுவில் வைத்த மாதிரிப் பொருள் பெரும்பாலும் தப்பிவிடும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தார் இதைத் தலைகீழாக்கினார்கள். உலோக வளையத்தை உள்நோக்கி நொறுக்கி, அதற்குள் சிக்கிய புலத்தைப் பிழிந்து, 2018-இல் 1,200 டெஸ்லா எட்டினார்கள். அழுத்தம் பூமியின் மையத்தில் இருப்பதை விட அதிகம். கருவியைச் சுற்றியிருந்த கூண்டின் இரும்புக் கதவுகள் பிய்த்துக்கொண்டு திறந்தன.

இதே பிழியும் வேலைக்கு வெடிமருந்தையே வைத்த சாகரோவ், அடுத்த வாரம்.