தொலைக்காட்சிக் கட்டணத்தைப் பாதியாக்கிய 555 புத்தகம்

கடந்த செமஸ்டர் விடுமுறையின் முதல் வாரம். லோரி ஓட்டும் அப்பாவுக்கு ஓவர்டைம் நின்று இரண்டு மாதமாகியிருந்தது. ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மின்சாரம், தண்ணீர், இணையம், தொலைக்காட்சி என்று நான்கு பில்களையும் மேசையில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இதுல எதை வெட்டலாம்னு நீயே பாத்துச் சொல்லு. நீதானே மின்னியல் படிக்கிற."

மின்சாரத்தையும் தண்ணீரையும் வெட்ட முடியாது. இணையம் இல்லாமல் என் படிப்பு ஓடாது. மிஞ்சியது தொலைக்காட்சி. மாதம் 140 ரிங்கிட் 40 சென். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,684 ரிங்கிட் 80 சென்.

"அதை எடுத்துட்டா பகல் முழுக்கப் பாட்டி என்ன செய்வாங்க?" என்று அம்மா சமையலறையிலிருந்தே கேட்டார்.

நியாயமான கேள்வி. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பாட்டி வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. காலையில் நாங்கள் கிளம்பினால் மாலை ஆறு மணி வரை அவருக்குத் துணை அந்தப் பெட்டிதான். அதனால் தொலைக்காட்சி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. எந்த வழியாகப் பார்ப்பது, அதற்கு எவ்வளவு கொடுப்பது என்பதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

முதலில் நோட்டுப் புத்தகம்

மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகம் ஒன்றை வாங்கித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். யார், எந்த அலைவரிசை, எத்தனை மணி நேரம் என்று இரண்டு வாரம் எழுதினோம். பாட்டி பார்த்ததை அவர் சொல்லச் சொல்ல மாலையில் நான் எழுதிக்கொள்வேன்.

முடிவு எனக்கே ஆச்சரியம். பல பத்து அலைவரிசைகளுக்குக் காசு கட்டிக்கொண்டு, எட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். அவற்றில் ஐந்து தமிழ் அலைவரிசைகள். மீதி மூன்றும் இலவசமாகவே கிடைப்பவை. விளையாட்டுத் தொகுப்புக்கு நேரே இரண்டு வாரமும் பூஜ்யம்.

அந்தத் தொகுப்பு தம்பிக்காக வாங்கியது. அவன் மெட்ரிகுலேஷன் படிக்கக் கெடாவுக்குப் போய் ஏழு மாதமாகிவிட்டது. "லீவுல வந்தா பார்ப்பான்ல," என்று சொல்லிச் சொல்லியே அம்மா அதை எடுக்கவிடாமல் வைத்திருந்தார்.

நான்கு வழிகள்

நம் நாட்டில் நேரடித் தொலைக்காட்சி வீட்டுக்குள் வர நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, கூரை ஏரியல். 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு முற்றாக நின்று, எல்லாம் டிஜிட்டலுக்கு மாறியது. அண்மைக் காலத் தொலைக்காட்சிகள் பலவற்றில் டிவிபி-டி2 வாங்கி உள்ளேயே இருக்கிறது. பழைய தொலைக்காட்சி என்றால் ஒரு சிறு பெட்டி தேவைப்படும். டிவி1, டிவி2, டிவி3, டிவி ஓகே போன்றவை மாதக் கட்டணமின்றிக் கிடைக்கும். டிவி2-இல் தமிழ்ச் செய்தியும் உண்டு. நாங்கள் 45 ரிங்கிட்டுக்கு ஓர் ஏரியல் வாங்கி ஜன்னலோரம் மாட்டினோம். படம் வந்தால் துல்லியம். சிக்னல் குறைந்தால் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். அந்தக் காலத்துப் 'புள்ளி மழை' டிஜிட்டலில் கிடையாது.

இரண்டாவது, தட்டு. 1996-இல் சேவையைத் தொடங்கிய ஆஸ்ட்ரோவும், 2012-இல் வந்த மாதக் கட்டணமில்லாத என்ஜோயும் இவ்வகை. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ நம் தலைக்கு மேல் நிற்பதால்தான் நம் வீட்டுத் தட்டுகள் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கின்றன. அலைகளின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கனமழைத் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். மாலை மழையோடு நாடகமும் நின்று போவதற்குக் காரணம் இதுவே. மற்றபடி படம் நிலையானது. வீட்டு இணையம் நின்றாலும் இது நிற்காது.

மூன்றாவது, ஃபைபர் இணைப்போடு சேர்ந்து வருவது. டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை டிவி இதற்கு எடுத்துக்காட்டு. நிறுவனம் தன் சொந்த வலையமைப்புக்குள்ளேயே ஒளிபரப்பை அனுப்புவதால் படம் அதிகம் ஏறி இறங்குவதில்லை. ஷா ஆலமில் அத்தை வீட்டில் ஒரு மாலை முழுவதும் பார்த்தேன், மழையிலும் தடங்கலில்லை. ஆனால் இணையச் சந்தாவோடு சேர்த்து வாங்கும்போது ஒப்பந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, செயலி. ஆர்டிஎம் கிளிக் இலவசம். 2021-இல் ஆஸ்ட்ரோ நிறுவனம் அறிமுகப்படுத்திய சூகா போன்றவற்றில் இலவசப் பகுதியும் உண்டு, மாதச் சந்தாவும் உண்டு. தட்டு வேண்டாம், டெக்னிஷன் வேண்டாம். வேண்டிய மாதம் கட்டி, வேண்டாத மாதம் நிறுத்தலாம். மாணவர்களாகிய நமக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

படத்தின் தரம்: எண் மட்டும் போதாது

விளம்பரத்தில் 'எச்டி', '4கே' என்று போட்டிருக்கும். எச்டி என்றால் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே அதைப்போல் நான்கு மடங்கு. ஆனால் அந்தப் புள்ளிகளை நிரப்ப வினாடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1080 வரிப் படத்துக்கு வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். வீட்டில் ஒருவர் விளையாடி, ஒருவர் பதிவிறக்கம் செய்தால் வேகம் குறையும். செயலி உடனே நம்மைக் கேட்காமலே தரத்தைக் கீழே இறக்கிவிடும். முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆவது அப்போதுதான்.

விளையாட்டுக்கு இன்னொன்றும் முக்கியம்: வினாடிக்கு எத்தனை படங்கள் என்பது. இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் 2023-இல் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர். அது கின்னஸ் சாதனை. வினாடிக்கு 157 மீட்டர். இறகுப்பந்து அடிபட்ட கணத்தின் வேகத்திலேயே பறந்தால், வினாடிக்கு 25 படங்கள் காட்டும் ஒளிபரப்பில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 6 மீட்டருக்கு மேல் தாண்டியிருக்கும். மொத்த ஆடுகளமே 13.4 மீட்டர்தான். 50 படங்கள் என்றால் அந்தத் தாவல் பாதியாகும். நாடகம் பார்க்கும் பாட்டிக்கு இந்த வேறுபாடு தெரியாது. பூப்பந்து பார்க்கும் தம்பிக்கு நன்றாகவே தெரியும்.

பக்கத்து வீட்டுக் கைதட்டல்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பெர்லி டான் – தீனா முரளிதரன் இணை வெண்கலப் பதக்கத்துக்காக ஆடியபோது, நான் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் "ஐயோ!" என்று சத்தம் கேட்கும். அரை நிமிடம் கழித்து என் திரையில் நம்மவர்கள் புள்ளியை இழப்பார்கள். அந்த ஆட்டத்தை நான் இரண்டு முறை தோற்றேன்.

காரணம் எளிது. செயலி ஒளிபரப்பைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. நம் கருவி சில துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்குகிறது. இந்த விடுமுறையில் ஒரே அலைவரிசையை ஏரியலிலும் செயலியிலும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன். செயலி 34 வினாடி பின்தங்கியது. செய்திக்கும் நாடகத்துக்கும் இது ஒன்றுமில்லை. இறுதியாட்டத்துக்கு இது பெரிய விஷயம்.

விலைக்குள் மறைந்திருப்பவை

விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் விலை நாம் கட்டும் விலையாக இருப்பதில்லை. 2024 மார்ச் முதல் சேவை வரி 8 விழுக்காடு. எங்கள் தொகுப்பின் விலை 130 ரிங்கிட், வரியோடு 140.40.

அடுத்தது ஒப்பந்தம். இடையில் நிறுத்தினால் தண்டம் எவ்வளவு என்று கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். எங்கள் ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. அது அப்பாவுக்கே தெரியவில்லை.

தங்கும் விடுதியில் கைப்பேசித் தரவில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. வினாடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. உங்கள் திட்டம் 30 ஜிபி என்றால் பதின்மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கைப்பேசியின் சிறு திரைக்கு 480 வரிகள் பெரும்பாலும் போதும். 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் கைப்பேசிக்கு மட்டும் 17 ரிங்கிட் திட்டம் கொண்டுவந்தபோது 480 வரிகள்தான் கொடுத்தது. பெரிய திரையும் கூடுதல் தரமும் வேண்டுமென்றால் கூடுதல் விலை. தேவையில்லாத தரத்துக்குக் காசு கட்டாமலிருப்பதும் சேமிப்புதான்.

"ஒரே தடவை, ஆயுசுக்கும்"

என் ஆராய்ச்சியைக் கேள்விப்பட்ட மாமா ஒருவர், "எதுக்கும்மா இந்தக் கணக்கெல்லாம்? ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கு. 300 வெள்ளி, ஒரே தடவை, ஆயுசுக்கும் எல்லா சேனலும் வரும்," என்றார். அப்பாவின் முகத்தில் ஆசை தெரிந்தது. எனக்கும்தான், பொய் சொல்ல விரும்பவில்லை.

ஆண்ட்ராய்டு பெட்டியே குற்றமல்ல. அனுமதி பெற்ற செயலிகளை அதில் தாராளமாகப் பார்க்கலாம். திருடிய ஒளிபரப்பை ஏற்றி விற்பதுதான் குற்றம். 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, இத்தகைய கருவிகளை விற்பவர்களுக்கும் அதற்கு வழி செய்பவர்களுக்கும் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பெட்டி ஒரு நாள் நின்னு போனா யாருகிட்ட போய்க் கேப்பீங்கப்பா?" என்றும் கேட்டேன். சட்டத்தைவிட இந்தக் கேள்விதான் அவரை யோசிக்க வைத்தது.

பாட்டியின் மூன்று எண்கள்

என் கணக்கின்படி மிக மலிவான வழி ஏரியலும் செயலியும்தான். தட்டை நிறுத்திவிடலாம் என்று முடிவு கட்டி, ஒரு வாரம் சோதித்துப் பார்க்கப் பழைய பெட்டியின் இணைப்பைக் கழற்றினேன். பாட்டிக்குச் செயலியைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். "ஆங், புரிஞ்சிருச்சுமா," என்றார்.

மூன்றாவது நாள் ஒரு பொருளை மறந்துவிட்டு மதியம் வீட்டுக்குத் திரும்பினேன். பாட்டி நாற்காலியில் அமர்ந்து அணைந்திருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலி 'மீண்டும் உள்நுழையவும்' என்று மலாயில் கேட்டிருக்கிறது. பாட்டிக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. மூன்று நாளில் ஒருமுறைகூட என்னிடம் குறை சொல்லவில்லை.

"நீ அப்பாவுக்குக் காசு மிச்சம் பண்றேன்னு சொன்னியே, அதான் பேசாம இருந்துட்டேன்," என்றார்.

பழைய ரிமோட்டில் அவர் மூன்று எண்களை அழுத்துவார். அவருடைய அலைவரிசை வந்துவிடும். எழுத்துத் தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை. விலை, தரம், தாமதம் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்ட என் அட்டவணையில், பார்ப்பவருக்கு அதை இயக்கத் தெரியுமா என்று ஒரு கட்டம் இல்லை. அன்றிரவே பழைய பெட்டியை மாட்டினேன்.

நாங்கள் எடுத்த முடிவு

தட்டை வைத்துக்கொண்டோம், ஆனால் தமிழ் அலைவரிசைகள் உள்ள சிறிய தொகுப்புக்கு மாறினோம். விலை 65 ரிங்கிட், வரியோடு 70.20. செய்திக்கு ஏரியல். முக்கியப் போட்டிகள் நடக்கும் மாதத்தில் மட்டும் தம்பிக்கு ஒரு செயலிச் சந்தா.

நிறுவனத்தை அழைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தொகுப்பைக் குறைக்க வேண்டும் என்றதும் மூன்று முறை சலுகை கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகளாகத் தவறாமல் கட்டிய அப்பாவுக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத சலுகை அது.

நீங்களும் இதைச் செய்ய நினைத்தால் என் அனுபவத்தில் சில குறிப்புகள்:

• முதலில் இரண்டு வாரம் எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள்.
• வரியோடு ஓராண்டுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.
• ஒப்பந்தம் முடிந்துவிட்டதா, நிறுத்தினால் தண்டம் உண்டா என்று கேளுங்கள்.
• இலவசச் சோதனைக் காலம் இருந்தால், வீட்டில் எல்லாரும் இணையம் பயன்படுத்தும் இரவு நேரத்தில் தரத்தைச் சோதியுங்கள்.
• வீட்டில் அதிக நேரம் பார்ப்பவர் யாரோ, ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள்.

இப்போது மாதம் 70 ரிங்கிட் 20 சென் மிச்சமாகிறது. விளையாட்டுத் தொகுப்பை எடுக்கப்போவதாகச் சொன்னபோது அம்மா முகம் வாடியது. "அந்தக் காசை அவனுக்கு அனுப்புங்கம்மா, பஸ் டிக்கெட் எடுத்துக்கிட்டு வரட்டும்," என்றேன். போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவு, தம்பி பையோடு வாசலில் வந்து நின்றான். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் 555 புத்தகத்தில் எழுத எதுவும் இல்லை. தொலைக்காட்சியை யாரும் போடவே இல்லை.