எந்த ஆண்டின் நைட்ரேட்?

ஒரு கிணற்று நீரைச் சோதித்த ஆய்வகம், அதில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாக எழுதிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தரநிலை அனுமதிக்கும் 45ஐயும் உலக சுகாதார நிறுவனத்தின் 50ஐயும் அது தாண்டிவிட்டது. கிணற்று நீரில் கலந்த பாலைக் குடித்த கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததற்கு நைட்ரேட்டே காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஹன்டர் காம்லி 1945இல் எழுதினார். ஆகவே அறிக்கையைப் படிப்பவர் பதறுவது நியாயம். பதற்றத்தோடு அவர் கண் கிணற்றைச் சுற்றியுள்ள வயல்களின் மேல் போகும். இந்தப் போகத்தில் எத்தனை மூட்டை யூரியா போட்டார்கள், மாட்டுக்கொட்டகை எங்கே, கழிவறைத் தொட்டி எவ்வளவு தூரத்தில் என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று பெரும்பாலும் விட்டுப்போகிறது: இந்த நீர் மழையாகப் பெய்து மண்ணுக்குள் இறங்கியது எந்த ஆண்டில்? அது தெரியாதவரை அந்த 60ஐ யார் தலையிலும் சுமத்த முடியாது. எந்த அரசுத் திட்டத்தின் வெற்றிக்கும் தோல்விக்கும் சான்றாக வைக்கவும் முடியாது. நைட்ரேட் அளவை மாதிரி எடுத்த தேதியோடு நிறுத்தாமல், நீர் நிலத்துக்குள் புகுந்த ஆண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

நீரின் பிறந்த ஆண்டைக் காட்டிக்கொடுப்பது, விந்தையாக, அணுகுண்டு. 1952இலிருந்து வளிமண்டலத்தில் வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டுகள், ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பான ட்ரிட்டியத்தைக் காற்றில் நிறைத்தன. அது நீர் மூலக்கூறின் பகுதியாகவே மாறி மழையில் இறங்கியது. வட அரைக்கோளத்தின் மழையில் அதன் அளவு 1963இல் இயற்கை அளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உயர்ந்தது. அதே ஆண்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்தது. பிறகு அளவு சரிந்தது. ஆக, நிலத்தடியில் ட்ரிட்டியம் அறவே இல்லாத நீர் 1950களுக்கு முந்தையது, மிகுந்திருக்கும் நீர் 1960களின் மழை என்று படிக்க முடிந்தது. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள் என்பதால் அந்த உச்சத்தின் பெரும்பகுதி இன்று சிதைந்துவிட்டது. ஆனால் சிதைந்த ட்ரிட்டியம் ஹீலியம்-3 ஆக மாறி நீரிலேயே தங்குகிறது. இருப்பதையும் சிதைந்ததையும் சேர்த்து அளந்தால், நீர் காற்றின் தொடர்பை இழந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிடலாம். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களும் இதே வேலைக்கு உதவுகின்றன. அவை ஐசோடோப்பு அல்ல. ஆனால் 1940களிலிருந்து காற்றில் அவற்றின் அளவு ஆண்டுக்காண்டு ஏறிய விதம் தெரிந்திருப்பதால், மழைநீரில் கரைந்த அளவே ஆண்டைச் சொல்லிவிடும்.

வயது ஒரு பாதி. நைட்ரேட் எங்கிருந்து வந்தது, வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பது மறுபாதி. அதற்கு நைட்ரஜன்-15 இருக்கிறது. ரசாயன உரம் காற்றின் நைட்ரஜனிலிருந்து செய்யப்படுவதால், அதில் இந்தக் கனமான ஐசோடோப்பின் விகிதம் ஏறத்தாழக் காற்றில் உள்ளதைப் போலவே இருக்கும். எருவிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் இலேசான நைட்ரஜன் அமோனியாவாக ஆவியாகிப் போய்விடுவதால், மிஞ்சுவதில் கனமானது கூடிவிடும். நிலத்தடியில் ஆக்ஸிஜன் தீர்ந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும்போதும் இப்படித்தான் கனமானது மிஞ்சும். இதைப் பிடித்துக்கொண்டு, எருவின் நைட்ரேட்டும் பாக்டீரியா தின்ற உர நைட்ரேட்டும் ஒன்றுபோலத் தோன்றுமே என்று ஐயப்படுபவர்கள் உண்டு. நைட்ரஜன்-15ஐ மட்டும் அளந்து தீர்ப்பு எழுதினால் அந்த ஐயம் முற்றிலும் சரி. நைட்ரேட்டின் ஆக்ஸிஜன்-18ஐயும் நீரில் கரைந்துள்ள உபரி நைட்ரஜன் வாயுவையும் கூடவே அளந்தால், பாக்டீரியாவின் வேலை தனியாகத் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் ஒன்றுசேரும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு, அமெரிக்காவின் மேரிலாந்தில் லோகஸ்ட் குரோவ் என்ற ஊருக்கருகே நடந்த ஆய்வைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அங்கே செஸ்டர்வில் பிராஞ்ச், மோர்கன் கிரீக் என்று அடுத்தடுத்து இரண்டு ஓடைகள். சுற்றிலும் வயல்கள். செஸ்டர்வில் ஓடையில் நைட்ரேட், நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 9 முதல் 10 மில்லிகிராம், அதாவது நம் தரநிலையின் விளிம்பு. மோர்கன் ஓடையிலோ 2 முதல் 3 மட்டுமே. எண்களை மட்டும் பார்க்கும் அதிகாரி மோர்கன் பக்கத்து விவசாயிகளுக்குப் பாராட்டும் செஸ்டர்வில் பக்கத்தாருக்கு எச்சரிக்கையும் அனுப்புவார். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜான் கார்ல் பெல்கேயும் ஜூடித் டென்வரும் 1990 முதல் 1992 வரை நீரெடுத்து ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட முடிவு வேறு. பாக்டீரியா அழித்ததைத் திரும்பக் கூட்டிக் கணக்கிட்டால், இரண்டு பக்கமும் நாற்பது ஆண்டுகளில் நிலத்துக்குள் இறங்கிய நைட்ரேட் 3 முதல் 6 மடங்கு ஏறியிருந்தது. 1970களில் ஏற்றம் மிக வேகம். அந்த வட்டாரத்தின் உரப் பயன்பாடு ஏறிய அதே விகிதம்தான் அது. மோர்கன் பக்கத்தில் நீர் ஓடையை அடையுமுன், கிளாக்கோனைட் என்ற பச்சைக் கனிமம் கொண்ட, ஆக்ஸிஜன் அற்ற பழைய கடற்படிவுகள் வழியே போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை அழித்துவிடுகின்றன. பாராட்டு சேர வேண்டியது பாறைக்கு. இதைவிட முக்கியமானது வயது. அப்போது ஓடைகளில் ஊறிக்கொண்டிருந்த நீர் 1940க்கு முன்பிருந்து 1975 வரை மண்ணில் இறங்கியது. சராசரியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்தது. 1980களின் உரம் அப்போது ஓடைக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்கவில்லை. இதே காலத்தில், செசபீக் விரிகுடாவைக் காக்க 1987இல் மாநிலங்கள் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன: 2000ஆம் ஆண்டுக்குள் விரிகுடாவில் சேரும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் 40 சதவீதம் குறைப்பது. இப்படிப்பட்ட ஓடைகளில் பதின்மூன்று ஆண்டுக் கெடு என்பது, சீர்திருத்தத்துக்கு முந்தைய நீரை வைத்தே சீர்திருத்தத்தை மதிப்பிடுவதாகத்தான் முடியும்.

நம் ஊர்க்காரர் எவருக்கும் இங்கே ஒரு மறுப்பு எழும். மழை பெய்த சில நாட்களிலேயே கிணற்றில் நீர்மட்டம் ஏறுகிறதே, பிறகு எப்படி அது இருபது வருஷத்து நீராகும்? ஏறியது மட்டம், வந்தது அந்த மழை அல்ல. நீர் நிறைந்த குழாயின் ஒரு முனையில் புதுநீரைத் தள்ளினால் மறுமுனையில் உடனே கொட்டுவது உள்ளே இருந்த பழைய நீர்தான். தெற்கு இங்கிலாந்தின் சுண்ணப்பாறையில் இதை அளந்தே காட்டினார்கள். ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தார் பெர்க்‌ஷயரில் பாறை உருளைகளைத் தோண்டியெடுத்து ட்ரிட்டியத்தை அளந்து 1970இல் வெளியிட்டபோது, நீரின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே கீழிறங்குவது தெரிந்தது. அந்த நாட்டில் பலரும் இதை நம்பத் தயங்கினார்கள். வெடிப்புகள் நிறைந்த பாறையில் நீர் விரைந்தல்லவா போக வேண்டும்? வெடிப்பில் போகும் நீரின் ட்ரிட்டியம், பாறையின் நுண்துளைகளில் தேங்கிய நீருக்குள் பரவிவிடுகிறது என்று ஸ்டீபன் ஃபாஸ்டர் 1975இல் விளக்கம் தந்தார். நைட்ரேட்டும் அப்படியே பரவித் தங்கும் என்பதுதான் இதன் கவலைக்குரிய பொருள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உழுத பழைய புல்வெளிகளும், அதன் பின் வந்த ரசாயன உரமும் விட்ட நைட்ரேட்டின் ஒரு பகுதி பல இடங்களில் இன்னும் நீர்மட்டத்தை எட்டாமல் மேலே நிற்கிறது. உலகம் முழுதும் இப்படி மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே தேங்கியிருப்பது 60 கோடி டன்னுக்கும் மேல் என்று மாத்யூ ஆஸ்காட்டும் அவர் குழுவினரும் 2017இல் மதிப்பிட்டார்கள்.

வேறொரு மறுப்பு இன்னும் வலுவானது. ஒரு கிணற்று நீருக்கு ஒரே வயது என்று ஒன்று கிடையாது. நீளமான ஆழ்துளைக் கிணற்றில் மேலே இறங்கிய இளம் நீரும் கீழேயுள்ள முதிய நீரும் கலந்தே வரும் என்கிறார்கள். உண்மை. அதனால்தான் மேரிலாந்து ஆய்வைப் போன்றவை ஆழத்தின் ஒரு குறுகிய பகுதியிலிருந்து மட்டும் நீரெடுக்கும் கண்காணிப்புக் கிணறுகளை நாடுகின்றன. கலப்பு நீர் என்றால், வயது ஓர் எண்ணாக வராமல் ஒரு வீச்சாக வரும். 20 முதல் 40 ஆண்டுகள் என்ற வீச்சே, சென்ற ஆண்டு தொடங்கிய திட்டத்தை இந்தக் கிணற்றால் அளக்க முடியாது என்று சொல்லப் போதுமானது. செலவு என்ற மறுப்புக்கும் இதுவே விடை: ஆண்டுதோறும் நைட்ரேட்டை அளந்து தவறான ஆண்டோடு பொருத்திப் பார்ப்பதைவிட, கிணற்றுக்கு ஒருமுறை வயதை அளப்பது சிக்கனம்.

பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும் என்றால் விவசாயி இன்று எதற்காக உரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே எனக்கு மிகவும் கனமாகப் படும் கேள்வி. வயது பார்த்தல் அக்கறையின்மைக்குச் சாக்காகிவிடக் கூடாது. டென்மார்க் இதற்குத் தந்திருக்கும் பதில் மனத்துக்கு நம்பிக்கை தருவது. அந்த நாடு 1985இலிருந்து அடுத்தடுத்துச் செயல்திட்டங்கள் போட்டது: எருவைச் சேமிக்கத் தொட்டிகள், இலையுதிர் காலத்தில் அதை வயலில் தெளிக்கக் கட்டுப்பாடு, மிஞ்சிய நைட்ரஜனை உறிஞ்ச மூடுபயிர், பண்ணைக்கு இவ்வளவுதான் உரம் என்ற வரம்பு. பிர்கித்தே ஹான்சனும் உடன் ஆய்வாளர்களும் நாட்டின் கண்காணிப்புக் கிணறுகளில் நீரின் வயதைக் கணித்து, நைட்ரேட்டை நீர் நிலத்தில் இறங்கிய ஆண்டின்படி அடுக்கி 2011இல் வெளியிட்டார்கள். 1950களிலிருந்து ஏறிவந்த கோடு 1980களில் திரும்பி இறங்குவது அதில் தெரிந்தது. வயல்களில் மிஞ்சிய நைட்ரஜனின் கோடும் அதே காலத்தில்தான் திரும்பியிருந்தது. ஆக்ஸிஜன் உள்ள நிலத்தடி நீரில், 15 வயதுக்கு உட்பட்ட நீர் வரும் இடங்களில் நைட்ரேட் குறைவது பரவலாகவும், 25 முதல் 50 வயது நீர் வரும் இடங்களில் அரிதாகவும் இருந்தது. முதிய நீர்க் கிணறுகளை மட்டும் வைத்திருந்த ஒரு டேனிஷ் கிராமம் தன் விவசாயிகளின் உழைப்பு வீண் என்று முடிவு கட்டியிருக்கக்கூடும். அவர்கள் குறைத்துப் போட்ட உரத்தின் நீர் அப்போது அந்தக் கிணறுகளுக்கு மேலே, மண்ணில், இறங்கிக்கொண்டிருந்தது.